தக்கலையில் ஓர் அறை கேட்கிறோம்: செல்போன் நிறுவனங்களின் கொள்முதல் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு வட்டத்தில் சேவை தரும் செல்போன் நிறுவனங்கள், டவர் நிறுவனங்கள் ஆகியவற்றின் கொள்முதல், விநியோகப் பிரிவுத் தலைவர்கள்
நகல்: இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர்

ஐயா, அம்மா,

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் டவர் பராமரிப்பு வேலை எடுத்துச் செய்பவன் நான். கூட வேலைக்குச் சில பையன்கள், ஒரு பிக்கப் வண்டி, டீசல் கேன்கள், ஃபைபர் ஒட்டுகிற மெஷின் ஒன்று, இவ்வளவுதான் என் முதல். உங்கள் ஒப்பந்தத் தாளில் என் பெயரைத் தேடினால் கிடைக்காது. உங்களிடம் வேலை எடுத்தவர் ஒருவர், அவரிடம் எடுத்தவர் இன்னொருவர், அதற்கும் கீழே நாங்கள். ஆனால் சைட் டவுன், அதாவது ஓர் இடத்து டவர் நின்றுபோனது, என்று உங்கள் திரையில் சிவப்பு விழுந்தால், நடுராத்திரி மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவது நாங்கள்தான்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் தக்கலையிலோ நாகர்கோவிலிலோ ஓர் அறை எடுத்து, இந்த மாவட்டத்துக்கென்று உதிரிபாகங்களை அதில் வையுங்கள். வருடக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது, சும்மா கிடக்கிற சரக்கு என்று சொல்லி அதை வெட்டிவிடாதீர்கள். மீதிக் கடிதம் முழுக்க இதற்கான காரணங்கள்தான்.

முன்பு நாகர்கோவிலில் ஒரு சின்ன ஸ்டோர் இருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. இரும்பு ராக்கில் கொஞ்சம் ரெக்டிஃபயர் மாட்யூல், ஃபைபரைக் கருவியோடு இணைக்கும் எஸ்.எஃப்.பி., ஜம்பர் கேபிள், ஒரு மூலையில் நாலைந்து பேட்டரி, ஒரு பதிவேடு, கையெழுத்து வாங்க ஒரு அண்ணன். செலவைக் குறைக்கிறோம் என்று அதை மூடினார்கள். சரக்கெல்லாம் சென்னைப் பக்கம் போய்ச் சேர்ந்தது. ஸ்டோர் வாடகையும் அந்த அண்ணனின் சம்பளமும் மிச்சமானது உண்மைதான், மறுக்கவில்லை.

அந்த மிச்சத்துக்குப் பிறகு ஒரு சைட்டில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். கடலோரத்தில் ஒரு டவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் இடி, மின்னல். சைட் அலாரம் வந்து நாங்கள் போய்க் கேபினட்டைத் திறந்தால், நாலு ரெக்டிஃபயர் மாட்யூலில் மூன்று சிவப்பு லைட் காட்டும். மிச்சமுள்ள ஒன்று மொத்தச் சுமையையும் தாங்காது. பேட்டரி வோல்டேஜ் 50, 49, 48 என்று கண் முன்னாலேயே இறங்கும். ஜெனரேட்டரைப் போடலாமே என்று தோன்றும். போட்டுப் பயனில்லை. டவர் கருவிகள் ஓடுவது 48 வோல்ட் டிசி மின்சாரத்தில். ஜெனரேட்டர் தருவது ஏசி. அதை மாற்றித் தருவதுதான் அந்த மாட்யூலின் வேலை. மாட்யூல் போய்விட்டால் டேங்க் நிறைய டீசல் இருந்தாலும் டவர் செத்ததுதான். ஒரு மாட்யூலின் விலை எவ்வளவு? ஒரு நடுத்தர செல்போன் விலைக்குள் அடங்கிவிடும். அது இல்லாமல் சில ஆயிரம் பேரின் போன் ஊமையாகும்.

அப்புறம் உதிரிபாகம் வேண்டும் என்று கம்ப்யூட்டரில் டிக்கெட் போடுவோம். மேலே ஒருவர் ஒப்புதல் தர வேண்டும், அதற்கு மேலே இன்னொருவர். சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர். எல்லாம் ஒழுங்காக நடந்தால் மூன்றாம் நாள் பார்சல் ஆபீசிலிருந்து கூப்பிடுவார்கள். இடையில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதுவும் கூடிக்கொள்ளும். அதுவரைக்கும் என்ன செய்வோம் தெரியுமா? கூட்டம் குறைந்த வேறொரு சைட்டிலிருந்து ஒரு மாட்யூலை உருவிக்கொண்டு வந்து இங்கே செருகுவோம். இங்கே சிவப்பு போய்விடும், அங்கே இனிமேல் ஒன்று போனால் தாங்காது. உங்கள் அறிக்கையில் இரண்டு சைட்டும் பச்சையாகவே தெரியும்.

கிடங்குகளை ஒன்றாக்குவதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அது எனக்கும் தெரியும். தனித்தனியாக நான்கு ஊர்களில் அவசர இருப்பு வைப்பதற்குப் பதிலாக ஒரே இடத்தில் வைத்தால், அதே பாதுகாப்புக்குப் பாதிச் சரக்கு போதும். ஒன்பது இடத்தை ஒன்றாக்கினால் மூன்றில் ஒரு பங்கு போதும். இதை வர்க்கமூல விதி என்பார்கள். ஓர் ஊரில் பழுது கூடும்போது இன்னோர் ஊரில் குறையும், ஒன்றுக்கொன்று ஈடாகிவிடும் என்பதுதான் அதன் அடிப்படை. சேலத்தில் ஒரு மாட்யூல் போவதற்கும் குழித்துறையில் ஒன்று போவதற்கும் தொடர்பில்லாத சாதாரண நாட்களில் அந்தக் கணக்கு சரியாகவே வேலை செய்யும். புயலன்று வேலை செய்யாது. புயலில் எல்லாப் பழுதும் ஒரே ராத்திரி, ஒரே மாவட்டத்தில் வரும். அதே ராத்திரி சாலையும் அடைபடும். எந்த நாளுக்காக அவசர இருப்பு என்று ஒன்றை வைத்திருக்கிறீர்களோ, அந்த ஒரு நாளைக்குத்தான் உங்கள் சூத்திரம் பொருந்தாமல் போகிறது.

2017 நவம்பர் 30 உங்கள் கோப்புகளில் ஒரு தேதி. எங்களுக்கு ஒக்கி புயல். ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் சாய்ந்தன, ரப்பரும் தென்னையும் வாழையும் சாலைக்குக் குறுக்கே கிடந்தன. மின்சாரம் வர நாள் கணக்கில் ஆனது. பேட்டரி நன்றாக இருந்தால் நாலைந்து மணி நேரம் இழுக்கும், கிழடு என்றால் அரை மணி. பிறகு டீசல்தான். சுமையைப் பொறுத்து மணிக்கு இரண்டு லிட்டர் போலக் குடிக்கும். நூறு லிட்டர் இருந்தால் இரண்டு நாள் ஓடும். மூன்றாம் நாள் டீசல் கொண்டுபோக வழியில்லாத சைட்டுகள் வரிசையாக அணைந்தன. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று அந்த வரிசைக் கடற்கரை ஊர்களில் ஆழ்கடலுக்குப் போனவர்களிடமிருந்து ஒரு வார்த்தை வராதா என்று வீடு வீடாகக் காத்திருந்த நேரம் அது. லட்சத்தீவிலும் கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் கரையேறியவர்கள் இருந்தார்கள். கரையேறியவன் முதலில் கேட்பது ஒரு போன். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்த ஒரு டவரின் கேட்டில், சார்ஜ் போடக் கூட்டமாக நின்றவர்களுக்கு நடுவே ஒரு பாட்டி பட்டன் போனை நீட்டி, “மக்களே, அவன் கூப்பிட்டிருப்பான், கொஞ்சம் பாரு” என்றார். போனில் சிக்னல் கட்டமே இல்லை.

ஒக்கி எப்போதாவது வருவது, அதற்காக வருடம் முழுவதும் குடோன் வைக்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். 2021 நவம்பர் மழையில் இரணியல், குழித்துறைப் பக்கம் தண்டவாளத்தில் மண் சரிந்து திருவனந்தபுரம் ரயில் தடைபட்டது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்கள் மூழ்கியபோது ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயிலே பயணிகளோடு நின்றுபோனது. வடக்கேயிருந்து எங்களுக்குச் சரக்கு வரும் வழி திருநெல்வேலி தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத்தான். மூன்று பக்கம் கடலும் மலையும் இருக்கிற மாவட்டத்துக்கு வாசல் அதிகம் கிடையாது.

ஒரு பழைய கதையை உங்கள் தொழிலிலிருந்தே எடுத்துச் சொல்கிறேன். 2000 மார்ச் 17 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ஆல்புகெர்க்கியில் இருந்த பிலிப்ஸ் சிப் தொழிற்சாலையில் மின்னலால் தீப்பிடித்தது. சுமார் பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள். ஆனால் புகையும் தண்ணீரும் தூசி நுழையாத அந்த அறைகளைக் கெடுத்துவிட்டன. அங்கே சிப் வாங்கிக்கொண்டிருந்தவர்களில் நோக்கியாவும் எரிக்சனும் முக்கியமானவர்கள். நோக்கியா உடனே விழித்துக்கொண்டு வேறு இடங்களில் சரக்கைப் பிடித்தது. எரிக்சனோ செலவைக் குறைப்பதற்காக மாற்று சப்ளையர்களை முன்பே கழற்றிவிட்டிருந்தது. ஏறக்குறைய 40 கோடி டாலர் விற்பனை போனது. அடுத்த ஆண்டே கைபேசித் தொழிலை சோனியோடு சேர்ந்து நடத்த வேண்டியதாயிற்று. அந்தத் தீக்குப் பிறகு எரிக்சன் தன் சப்ளையர்களைக் கண்காணிக்கும் முறையையே மாற்றி அமைத்தது. இதை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். மேலே, உலக அளவில் நீங்கள் கற்றுக்கொண்ட அந்தப் பாடம் மதுரையைத் தாண்டித் தெற்கே வரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

மேலே நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியாமல் இல்லை. 2021 ஜூன் 15 முதல் அரசு நம்பகமானவை என்று ஏற்ற இடங்களிலிருந்து வரும் கருவிகளைத்தான் புதிதாக வலையமைப்பில் இணைக்கலாம். நாட்டுப் பாதுகாப்புக்கு அது தேவை, எனக்கும் அதில் மாற்றுக் கருத்தில்லை. 5ஜி ரேடியோக்களின் பவர் ஆம்ப்ளிஃபயருக்கு காலியம் நைட்ரைடு வேண்டும். காலியம் ஏற்றுமதிக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் சீனா அனுமதி முறை கொண்டுவந்தது. அதே ஆண்டு நவம்பர் தொடங்கி செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட, ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே ஓடும் சரக்குக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தன. ஆக, வாங்கக்கூடிய கடைகள் குறைந்திருக்கின்றன, சரக்கு வந்து சேரும் நாளும் கூடியிருக்கிறது. அப்படியானால் கைவசம் கூடுதலாக அல்லவா வைக்க வேண்டும்? வழி நீளும்போது கையிருப்பைக் குறைப்பது எந்த ஊர்க் கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

இன்னொரு வேடிக்கை, தொலைத்தொடர்பு வட்டங்களின் எல்லை. தமிழ்நாடு ஒரு வட்டம், கேரளம் வேறு வட்டம். தக்கலையிலிருந்து திருவனந்தபுரம் ஒன்றரை, இரண்டு மணி நேரப் பயணம். களியக்காவிளையில் நின்றால் போன் தானாகவே கேரள டவரைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் உதிரிபாகம் மட்டும் அந்த எல்லையைத் தாண்டாது. இரண்டு மாநிலத்திலும் ஒரே நிறுவனம்தான், அதே மாட்யூல்தான், அங்கே ராக்கில் இருக்கிறது என்று அங்கே வேலை செய்யும் பையன் போட்டோ எடுத்தே அனுப்புவான். ஜிஎஸ்டி சட்டப்படி ஒரே நிறுவனமானாலும் வேறு மாநிலப் பதிவு வேறு ஆள் கணக்கு. வரி போட்டு, இ-வே பில் போட்டுத்தான் அனுப்ப வேண்டும். அந்த வரியை பின்னால் கழித்துக்கொள்ளலாம், எனவே நஷ்டமில்லை, தாள் வேலைதான். அந்தத் தாள் வேலைக்கு யாருக்கு அதிகாரம் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் ஒரு சாயங்காலத்தில் முடியும். எழுதி வைக்கவில்லை. அதனால் சுமார் 50 கிலோமீட்டரில் இருப்பதை விட்டுவிட்டு 700 கிலோமீட்டரிலிருந்து வரவழைக்கிறோம். மாநில எல்லையோரம் இருக்கிற மாவட்டங்களுக்கென்று பக்கத்து வட்டத்திலிருந்து அவசரத்துக்கு எடுக்கும் ஏற்பாடு ஒன்றைச் செய்தால், உங்களுக்குச் சரக்குச் செலவே கூடாது.

அடுத்தது உப்பு. அகில இந்திய சராசரி ஆயுளை வைத்து எங்களுக்கு மாற்றுப் பொருள் ஒதுக்குகிறீர்கள். முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் வந்து ஒரு கேபினட்டைத் திறந்து பாருங்கள். எர்த் கம்பி சேருமிடத்தில் பச்சைக் களிம்பு, போல்ட்டைத் திருகினால் தூளாக உதிரும். ஜெனரேட்டர் ரேடியேட்டரின் தகடுகள் கரையான் அரித்த தாள் மாதிரி இருக்கும். எங்களுக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு, கோடையில் இடிமழை வேறு. எர்த்திங் கெட்டால் மின்னல் நேரே மாட்யூலில் இறங்கும். கடலிலிருந்து தள்ளி இருக்கிற சைட்டுக்கும் கடற்கரை சைட்டுக்கும் ஒரே அட்டவணை போடுவதால், மாற்ற வேண்டிய தேதிக்கு முன்பே பொருள் போய்விடுகிறது. “ஆயுள் முடியவில்லையே, எப்படிக் கெட்டது?” என்று எங்களிடமே விளக்கம் கேட்டு மெயில் வருகிறது. போதாததற்கு 5ஜி ஆண்டெனா ஏறியபின் மின்சுமை கூடிவிட்டது, பேட்டரி பல இடங்களில் பழையதுதான்.

பொதுமக்களுக்கும் ஒரு வார்த்தை இடையில் சொல்லிக்கொள்கிறேன். இரண்டு நிறுவனத்து சிம் வைத்திருந்தால் ஒன்று போனாலும் மற்றது கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள். பல இடங்களில் இரண்டு நிறுவனமும் ஏறியிருப்பது ஒரே டவர், ஒரே பேட்டரி, ஒரே ஜெனரேட்டர். ஃபைபரும் பெரும்பாலும் ஒரே சாலையோரம் போகிறது. நாலுவழிச்சாலை வேலையில் ஒரு ஜேசிபி பக்கெட் இறங்கினால் இரண்டும் சேர்ந்தே போகும். தோண்டுவதற்கு முன் தகவல் சொல்ல 2023 மார்ச்சில் மத்திய அரசு ஒரு செயலியே வெளியிட்டது. எங்கள் பக்கத்து ஜேசிபி ஓட்டுநர்களிடம் அது போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை.

இப்போது பணம். இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். டீசலை முதலில் வாங்கி ஊற்றுவது நாங்கள். பில் போட்டு, மேலே உள்ளவர் சரிபார்த்து, அவருக்கு மேலே உள்ளவர் சரிபார்த்துப் பணம் வர மாதங்கள் ஆகும். சாதாரண நாட்களில் பங்க்கில் தெரிந்த முகம், கணக்கு வைத்து ஓட்டிவிடலாம். புயல் அடித்து நான்கு பக்கமும் டீசலுக்கு அடிபிடி நடக்கும்போது, பழைய பாக்கி வைத்திருப்பவனுக்கு எந்த பங்க்காரர் கடன் தருவார்? ஆட்சியர் அலுவலகத்தில் அவசரக் கூட்டம் நடக்கும், நீங்கள் காணொளியில் எங்கள் ஜெனரேட்டர்கள் தயார் என்று சொல்வீர்கள். அந்தத் தயார் நிலை என் வீட்டு நகை அடகில் நிற்கிறது. சிறு, குறு தொழில் செய்பவர்களுக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, அப்படி உரிய நாளில் கொடுக்காத தொகையை வருமான வரியில் அந்த ஆண்டுச் செலவாகக் காட்டவும் முடியாது. உங்களுக்கு நேர்கீழே இருப்பவர்களுக்குச் சரியாகக் கொடுக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அது மூன்றாம் படிக்கு இறங்குகிறதா என்று யாராவது பார்த்தீர்களா? செப்டம்பரில் டீசல் முன்பணம் என்று ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கி, மழைக்காலம் முடிந்து கணக்கைத் தீர்த்துக்கொண்டால், இந்தச் சங்கிலியின் மிகப் பலவீனமான கண்ணி அன்றைக்கே பலப்படும்.

ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் ஒரு விண்ணப்பம். 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கும் உங்கள் சேவைத்தர விதிப்படி, ஒரு மாவட்டத்தில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் முடங்கினால் போஸ்ட்பெய்டு காரர்களுக்கு வாடகையில் கழிவும், ப்ரீபெய்டு காரர்களுக்குக் கூடுதல் நாட்களும் தர வேண்டும். நல்ல விதி. ஆனால் இயற்கைச் சீற்றம் என்றால் அதற்கு விலக்கு. புயல் நாளில் டவர் விழுந்தால் யாரையும் குறை சொல்ல முடியாது, ஒப்புக்கொள்கிறேன். விழாமல் நிற்கிற டவரில், ஒரு மாட்யூல் இல்லாததால் நாலாம் நாளும் சிக்னல் இல்லை என்றால் அதுவும் இயற்கைச் சீற்றம்தானா? விலக்கு வேண்டுமென்றால், மழைக்காலத்துக்கு முன் மாவட்டத்துக்குள் இன்னின்ன இருப்பு வைத்திருந்தோம் என்று காட்டட்டும். இல்லாவிட்டால் கழிவு கொடுக்கட்டும். இப்போதைய விதியில், குடோனை மூடியதால் வந்த மிச்சம் நிறுவனத்தின் கணக்கில் ஏறுகிறது, அதனால் வந்த நஷ்டம் யார் கணக்கிலும் ஏறுவதில்லை. கணக்கில் ஏறாத செலவை எந்தக் கொள்முதல் அதிகாரி குறைக்கப் பார்ப்பார்?

அறை விஷயத்துக்கு வருகிறேன். போட்டியாளர்கள் என்று தனித்தனி அறை எடுக்க வேண்டாம். டவரைப் பங்கிட்டுக்கொள்கிற நீங்கள் ஒரு ஷட்டரையும் பங்கிட்டுக்கொள்ளலாம், உள்ளே கம்பி வலை போட்டு அவரவர் சரக்கை அவரவர் பூட்டிக்கொள்ளலாம். தக்கலை என்று சொல்வதற்குக் காரணம், அங்கிருந்து மேற்கே மார்த்தாண்டமும் தெற்கே குளச்சலும் வடக்கே குலசேகரமும் கிழக்கே நாகர்கோவிலும் எல்லாம் எட்டிப்பிடிக்கிற தூரம். தரைத்தளம் வேண்டாம், வெள்ளம் வந்தால் முதலில் நனைவது உங்கள் சரக்காகத்தான் இருக்கும். வைக்க வேண்டியது ரெக்டிஃபயர் மாட்யூல், மின்னல் அதிர்ச்சியைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர், எஸ்.எஃப்.பி., ஜெனரேட்டருக்கு ஸ்டார்ட்டர் பேட்டரியும் ஃபில்டரும், சில டிரம் ஃபைபர், ஜாயிண்ட் பெட்டி, எடுத்துப்போகிற மாதிரி இரண்டு சிறு ஜெனரேட்டர். விலை கூடின ரேடியோவில் ஒன்றிரண்டு போதும்.

வைத்த பொருள் வைத்த இடத்திலேயே பழசாகிவிடும் என்ற உங்கள் பயம் நியாயமானது. பேட்டரியை மாதக்கணக்கில் சும்மா போட்டால் அது தானாகவே இறங்கிக் கெடும். அதனால் அறையை அருங்காட்சியகமாக வைக்காதீர்கள். சாதாரண நாளில் வருகிற பழுதுக்கும் இங்கிருந்தே எடுக்கட்டும், சென்னையிலிருந்து வருவது இந்த ராக்கை நிரப்பட்டும். பொருள் சுழன்றுகொண்டே இருக்கும், பழசாகாது. எங்களுக்கும் மூன்று நாள் காத்திருப்பு மிச்சமாகும். பெனால்டி என்று எங்களிடம் பிடிக்கிற காசில் பாதி அந்த அறை வாடகைக்குப் போனாலே போதும் என்பது என் கணிப்பு.

சாவி மட்டும் சென்னையில் இருக்கக் கூடாது. ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் திறக்கிற ஆள் ஒருவர் அறைக்குப் பக்கத்திலேயே வேண்டும். மேலிட ஒப்புதல் வராவிட்டாலும் இவ்வளவு மதிப்பு வரை எடுத்துக் கொடுக்கலாம் என்று அவரிடம் எழுத்தில் ஓர் அதிகாரம் இருக்க வேண்டும்.

எந்த சைட்டில் எந்த மாடல் மாட்யூல், எது கடற்கரை, எதற்கு வண்டி போகாது, எந்த டேங்க்கில் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று நாங்கள் பார்க்கிற சைட்டுகளுக்கு ஒரு பட்டியல் தயாராக வைத்திருக்கிறோம். உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பதைவிட அது சரியாக இருக்கும். யாரிடம் கொடுக்க வேண்டும் என்று சொன்னால் அடுத்த நாளே கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
டவர் பராமரிப்புத் துணை ஒப்பந்தக்காரர் ஒருவர்,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்